மூத்தவள் பெயரில் ஒரு காகிதம்

மனுவின் மூன்றாவது பத்தியைச் சொக்கநாதன் நான்காவது முறையாக அடித்துத் திருத்தியபோது, சிட்டாள் தட்டச்சுப் பொறியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“இதே பத்தியைத்தான் போன வருஷமும் அடிச்சேன்.”

“போன வருஷம் அமைச்சகத்துல அவங்க படிக்கலையே.”

“இந்த வருஷம் படிப்பாங்களாக்கும்.”

ஈப்போ பழைய நகரில், காப்பிக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் கணவன் வழக்கறிஞராகவும் மனைவி தட்டச்சராகவும் பதினேழு வருடங்கள் கழிந்திருந்தன. தொடக்கத்தில் நிலப் பத்திரம், உயில் என்று செட்டியார் குடும்பங்களின் வேலைதான். எழுபதில் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்து ஆட்கள் படியேறி வந்தார்கள். அன்றிலிருந்து அந்த வரிசை நிற்கவே இல்லை. இப்போது எண்பத்து நான்கு. வழக்கறிஞர் மன்றத்தின் குழுவுக்காக அவர் எழுதிக்கொண்டிருந்தது மூன்றாவது மனு.

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. குடிமகன் ஒருவனைப் பிடித்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குடிமகன் அல்லாதவனைக் குடிநுழைவுச் சட்டத்தில் பிடித்தால் பதினான்கு நாள் வரை வைத்திருக்கலாம். சோதனையில் சிக்குகிறவன் இவனா அவனா என்பதுதானே வழக்கு? அது தெரியும் முன்பே எல்லோரையும் பதினான்கு நாள் கணக்கில் போட்டால், தெரிந்துகொள்ள யாருக்கு அவசரம் வரும்? இதுதான் மூன்றாவது பத்தி.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முப்பது வயதிருக்கும் ஒருவன் கையில் பிளாஸ்டிக் பையோடு வாசலில் நின்றான். சட்டையெல்லாம் தேங்காய் நார்.

“லாயர் சாருங்களா? எம்பேரு அர்ச்சுனன். சுங்காய்லேருந்து வாரேன். என் வீட்டுக்காரியப் புடிச்சிட்டாங்க. இன்னியோட ஆறு நாளு.”

சிட்டாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி அழுக்காகிவிடும் என்றான். “ஆகட்டும்லா, உக்காருங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் நுனியில் உட்கார்ந்தான்.

அவன் பாகான் டத்தோவிலிருந்து தேங்காய் ஏற்றி வரும் லோரிக்காரன். மனைவி இருளாயி, சுங்காய்க்கு உள்ளே மூங்கிப்பாலத் தோட்டத்தில் எண்ணெய் தரும் செம்பனைக்கடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு அங்கே கொந்தரெக்டில், ஒப்பந்தக் கூலியாக, இந்தோனேசியர்கள் வந்தார்கள். போன வியாழக்கிழமை இரண்டு லோரிகளில் அமலாக்க அதிகாரிகள் வந்தார்கள்.

“இந்தோனேசியாக்காரன் அத்தன பேரும் ஓடிட்டான் சார். இவ ஓடல. நான் பொறந்த எடம், நான் ஏன் ஓடணும்னு கூடையோட நின்னாளாம். ஓடாதவளத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க.”

“ஐ.சி. இல்லையா?”

“கெடையாது. ஆனா சூராட் இருக்கு சார். பொறப்பு சூராட். ரெண்டாம் நாளே நான் கொண்டுபோய்க் காட்டிட்டேன். பாத்துட்டு, சரி போன்னுட்டாங்க. அவள விடல.”

பையிலிருந்து பழுப்பேறிய பிறப்புச் சான்றிதழ் வந்தது. மடிப்பு மடிப்பாய்க் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இருளாயி, தந்தை பெயர் ராமையா, பிறந்தது 1954 மார்ச், மூங்கிப்பாலத் தோட்டம். சொக்கநாதன் இரண்டு முறை படித்தார்.

“உங்க மனைவிக்கு என்ன வயசு?”

“இருவத்தாறு.”

“இதுல முப்பதுன்னு வருது.”

அர்ச்சுனன் தலையைத் தடவினான். “அது மாமியா சமாச்சாரம் சார். எங்க வீட்டுல யாரும் பேசமாட்டாங்க. மூத்தது ஒண்ணு இருந்துச்சு. அது போனப்புறம் பொறந்தவ இவ. அதே பேர வச்சு, அதே சூராட்டையும் இவளுக்குன்னு எடுத்து வச்சிட்டாங்க.”

“இவங்க பிறந்ததைப் பதியவே இல்லையா?”

“எதுக்குப் பதியணும்? போனதுதான் திரும்பி வந்திருக்குன்னு சொல்லிட்டாங்களாம். வந்தவளுக்குத்தான் ஏற்கெனவே சூராட் இருக்கே.”

சிட்டாள் அவனுக்குக் கீழேயிருந்து காப்பி வரவழைத்திருந்தாள். அவன் குடிக்கவில்லை. பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. அறுபத்தாறில் மாமனார் ராமையா மகளை ஐ.சி. எடுக்க அழைத்துப் போயிருக்கிறார். காகிதத்தில் பன்னிரண்டு வயது, ஆள் எட்டு வயது. கவுண்டரில் இருந்தவர் எட்டிப் பார்த்து, இதுவா பன்னிரண்டு என்று சிரித்திருக்கிறார். ராமையா பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு சாகிற வரை எந்தக் கவுண்டர் பக்கமும் போகவில்லை.

சொக்கநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நல்லாக் கேளுங்க. மெர்டேக்காவுக்கு முந்தி, சுதந்திரம் கிடைக்கிறதுக்கு முந்திப் பிறந்தவங்க, அப்பா அம்மா இந்தியாவுலேருந்து வந்தவங்களா இருந்தா, எழுதிப் போட்டுத்தான் குடியுரிமை வாங்கணும். உங்க மாமனார் எழுதிப் போட்டாரா?”

“அவருக்கு அவரு பேரே எழுதத் தெரியாது சார்.”

“அம்பத்தேழு ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்கு அப்புறம், அறுபத்திரண்டு வரைக்கும் இந்த மண்ணுல பிறந்தவங்க அப்படி இல்ல. எழுதிப் போட வேணாம், தானாவே குடிமக்கள். உங்க மனைவி உண்மையா எப்பப் பிறந்தாங்க?”

“அம்பத்தெட்டு. ஆடி மாசம்.”

அர்ச்சுனனுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு அவன் மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தான்.

“அப்ப நான் கொண்டுபோய்க் காட்டினதுலதான்…”

“நீங்க தெரிஞ்சு செய்யலை,” என்றாள் சிட்டாள்.

இருபத்தாறு வருடங்கள் கரையானுக்கும் மழைக்கும் தப்ப வைத்துக் காப்பாற்றிய காகிதம். அதில் இருந்தவள் அந்நியப் பெண். காகிதமே இல்லாதவள்தான் குடிமகள். சொக்கநாதனுக்கு இதில் ஆச்சரியப்படக்கூடத் தெம்பு இல்லை. மூத்தவள் இறந்துபோனாள், இவள் வேறு என்று தாய் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு ஓர் ஆதாரமும் வேண்டும். எட்டு நாள் இருக்கிறது. அதற்குள் இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவு தயாராகிவிட்டால் அதை நிறுத்துவது இன்னும் கடினம்.

“அவ இந்தியாவ சினிமாவுலதான் சார் பாத்திருக்கா,” என்றான் அர்ச்சுனன்.

மறுநாள் கணவனும் மனைவியும் பழைய டட்சனில் சுங்காய்க்குப் போனார்கள். செம்பனைக்குள் நாலு மைல் மண் சாலை. தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் கடைசி வீடு. இருளாயியின் தாய் வீரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவள். பால்வெட்டிக் காய்த்துப்போன கைகள். சேலை ஏணையில் ஏழு மாதப் பெண் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. டின் பாலைக் குடிக்க மாட்டேன் என்கிறதாம். மூத்த பையனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள்.

சொக்கநாதன் சட்டத்தை எளிமையாகச் சொன்னார். மூத்தவள் இறந்ததை வீரம்மா சத்தியம் செய்து தர வேண்டும் என்றார்.

“உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனா அத மட்டும் கேக்காதீங்க.”

“கேட்காம முடியாதும்மா.”

“போனா. வந்துட்டா. அவ்வளவுதான்.”

“வந்தவங்க வேறன்னு…”

“வேற இல்ல.” அவள் எழுந்து ஏணையை ஆட்டினாள். “காச்சல்ல போனா. பொதைக்கிறதுக்கு முந்தி அவங்கப்பா உள்ளங்கால்ல கரித்துண்டால ஒரு கோடு போட்டாரு. திரும்பி வந்தா அடையாளம் தெரியணுமில்ல. ஆடி மாசம் இவ பொறக்கிறப்ப அதே கால்ல, அதே எடத்துல, கறுப்பா மச்சம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயாகூடப் பாத்தாரு.”

சிட்டாள் சொக்கநாதனின் முழங்கையை லேசாகத் தொட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“நானும் அவங்கப்பாவும் முனியாண்டி முன்னால நின்னு சொன்னோம் ஆச்சி,” என்று வீரம்மா சிட்டாளிடம் திரும்பினாள். “செத்துட்டான்னு இனி வாயால சொல்ல மாட்டோம், இவள எங்ககிட்ட விட்டுடுன்னு. அவரு சாகிற வரைக்கும் சொல்லல. நானும் சொன்னதில்ல. இப்ப லாயருக்கு முன்னால சொல்லி, பெத்தவளே திருப்பிக் கூப்புட்டுக் குடுக்கவா?”

அர்ச்சுனன் வாசலில் நின்றபடியே, “அத்த, அவ அங்க சாகப் போறாளே, அது பரவால்லியா?” என்றான். வீரம்மா ஏணையை இன்னும் வேகமாக ஆட்டினாள்.

பதினேழு வருடத்தில் சொக்கநாதன் அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் அமைச்சகத்துக்கும் வாதம் வைத்திருக்கிறார். இந்த அடுப்படியில் வைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. சிட்டாள்தான் பேசினாள்.

“சத்தியம் வேணாம், விடுங்க. நாளன்னைக்கு நாங்க அவங்கள வச்சிருக்கிற முகாமுக்குப் போறோம். புள்ளையத் தூக்கிட்டு நீங்களும் வாங்க. அதுவாவது வயிறு நெறையக் குடிக்கட்டும்.”

முகாம் தகரக் கொட்டகைகளும் இரட்டைக் கம்பி வேலியுமாக இருந்தது. ஒன்பதாம் நாள். வழக்கறிஞரைப் பார்க்க முதலில் அனுமதி இல்லை என்றார்கள். பிறகு கடிதம் வேண்டும் என்றார்கள். சொக்கநாதன் கடிதத்தை எடுத்தார். அவர் பையில் அந்தக் கடிதம் எப்போதும் இருக்கும். ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு மேசை ஒன்று கிடைத்தது.

இருளாயி மெலிந்த உயரமான பெண். இரவிக்கையின் முன்பக்கம் ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகியிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் கையை நீட்டினாள். காவலுக்கு நின்ற பெண் ‘பத்து நிமிடம்’ என்று விரலைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை வெறிபிடித்ததுபோல் குடித்தது.

“தெனமும் பீச்சி வாய்க்கால்ல விட்டேன்,” என்றாள் இருளாயி.

“ஏதாவது கையெழுத்து வாங்கினாங்களா?” என்று கேட்டார் சொக்கநாதன்.

“என்னமோ மலாய்ல படிச்சாங்க. கடை மலாய்தான் எனக்குத் தெரியும், அது வேற மாதிரி இருந்துச்சு. கைநாட்டு வைக்கச் சொன்னாங்க. வச்சா வீட்டுக்குப் போலாம்னு நெனச்சேன்.”

அவர் அதை எழுதிக்கொண்டார். இது மனுவில் ஐந்தாவது பத்தி. பிறகு இரண்டு தேதிகளின் கதையை அவளுக்கும் சொன்னார். தாய் சத்தியம் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு வீரம்மாவைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தார்.

இருளாயி குழந்தையின் தலையைத் தடவினாள்.

“நான் எடது கைக்காரி சார்,” என்றாள் திடீரென்று. “சின்னதுல எடது கையால சோத்த எடுத்தா அம்மா அடிக்கும். எல்லா அம்மாவும் அடிக்கும். எங்கம்மா அடிச்சிட்டு என்ன சொல்லும் தெரியுமா? ‘மின்னெல்லாம் சோத்துக் கையாலதானடி சாப்புடுவ, இப்ப என்ன வந்துச்சு’ன்னு. மின்னென்னா எப்ப? நான் அப்பப் பொறக்கவே இல்ல.”

வீரம்மா தரையைப் பார்த்தாள்.

“மின்னெல்லாம் பலாப்பழம்னா உசுர விடுவ. மின்னெல்லாம் அழவே மாட்ட. இப்பிடியே சொல்லும். நாலரை வயசுல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ஒம்போது வயசுன்னு சொன்னாங்க. வாத்தியாரு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “அம்மா. அவ நல்ல பொண்ணுதான். நான் அவ இல்லம்மா. எப்பவுமே இல்ல. அவ மாதிரி இருந்து பாத்தேன், முடியல. இப்ப அவ சூராட்டால நான் உள்ள கெடக்குறேன்.”

“சொன்னா உனக்கு ஏதாச்சும் ஆயிடுண்டி.”

“எனக்கு ஆயிடுச்சும்மா. பாக்கலியா?”

காவலுக்கு நின்ற பெண் கடிகாரத்தைத் தட்டினாள். குழந்தையைப் பிரிக்கும்போது அது கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டகையிலிருந்த சிலர் கம்பிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் சின்னையா. அறுபது வயதுக்காரர், அன்று காலைதான் கொண்டுவரப்பட்டவர். “ஐயா, நான் காம்பார்ல பொறந்தவன். காயிதம் இல்ல. எம்பேரையும் எழுதிக்குங்க,” என்றார். சொக்கநாதன் எழுதிக்கொண்டார்.

லயத்து வாசலில் இறங்கியதும் வீரம்மா கார்க் கதவைச் சாத்தத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறக்க வந்த சிட்டாள், படிக்கட்டில் வீரம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முதல் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். மடியில் ஒரு மைலோ டின்.

டின்னுக்குள் ஒரு குழந்தையின் கருப்பு வளையல். அதன் கீழே நாலாக மடித்த தாள். போலிஸ் நிலையத்தில் பிணம் புதைக்கக் கொடுத்த அனுமதி. பெயர் இருளாயி, பெண், வயது மூன்று. தேதி 1957 நவம்பர் 19. முத்திரை இன்னும் ஊதா நிறமாகவே இருந்தது.

“அவங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது,” என்றாள் வீரம்மா. “எரிச்சிடுன்னாரு. எரிச்சிட்டேன்னு சொன்னேன்.”

சொக்கநாதன் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். மெர்டேக்கா முடிந்து இரண்டரை மாதம் கழித்து ஒருத்தி இறந்திருக்கிறாள். அவள் இறந்த பிறகே அந்தப் பெயர் இன்னொருத்திக்குப் போயிருக்கிறது. இதற்கு மேல் அவர் என்ன ஆதாரம் கேட்பார்.

சிட்டாள் வெள்ளைத் தாளைப் பொறியில் மாட்டினாள். வீரம்மா சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும். கீழே காப்பிக்கடையில் யாரோ ஹொக்கியன் சீனத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எழுதும்மா,” என்றாள் கடைசியில். “எம்பேரு வீரம்மா. எனக்கு மொத்தம் ரெண்டு பொண்ணு. மூத்தவ பேரு இருளாயி. செத்துட்டா.”

சிட்டாளின் விரல்கள் நின்றன. பிறகு அடித்தாள்.

“ரெண்டாவது பொண்ணு இருக்கா. அவ வேற.”

கைநாட்டு வைத்து மையைத் துடைக்கும்போது அவள் கேட்டாள். “அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல ஐயா?”

எத்தனையோ பேருக்கு, எல்லாம் நல்லபடியா முடியும் என்று சொல்லிப் பழகியவர் சொக்கநாதன். இந்த முறை அவர் சிட்டாளைப் பார்த்தார்.

“ஆகாதுக்கா,” என்றாள் சிட்டாள். “கால்ல கரிக்கோடு போட்டு அனுப்பினவளா இருந்தாலும், அக்காதானே. தங்கச்சிய வந்து கூப்புட மாட்டா.”

வீரம்மா அதை யோசித்துப் பார்த்தாள். ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை.

ஆட்கொணர்வு மனுவும், அதே மூன்றாவது பத்தியோடு, அன்றே தயாரானது. நீதிமன்றத்தில் பதிவு செய்யும் முன், மரியாதைக்காக ஒரு பிரதியை முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி ஹாஷிமிடம் கொண்டுபோனார் சொக்கநாதன். இருவருக்கும் பத்து வருடப் பழக்கம். ஹாஷிம் புதைப்பு அனுமதியை நீண்ட நேரம் பார்த்தார்.

“மூன்று வயது,” என்றார் மலாயில். பிறகு, “இதைச் சரிபார்க்க எனக்கு மூன்று நாள் கொடுங்கள். பிணையில் விட்டுவிடுகிறேன். நீதிமன்றம் வேண்டாம்.”

“நீதிமன்றம் போனால் தீர்ப்பு வரும். இந்தப் பதினான்கு நாள் யாருக்குப் பொருந்தும் என்று ஒரு நீதிபதி சொல்லியாக வேண்டும். எனக்கு அது வேண்டும்.”

“தெரியும். உங்கள் குழுவின் மனு என் மேசைக்கு இரண்டு முறை வந்தது. மேலே அனுப்பினேன். அதற்கு மேல் எனக்குச் சக்தி இல்லை.” ஹாஷிம் பேனாவை மூடினார். “நீங்கள் போட்டால் நாங்கள் எதிர்க்க வேண்டியிருக்கும். ஒத்திவைப்பு கேட்பார்கள். அந்தப் பெண் இன்னும் ஒரு மாதம் உள்ளே இருப்பாள். அவளுக்குப் பால்குடிக் குழந்தை இருக்கிறதாமே.”

இவ்வளவு பலமான வழக்கு அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை. தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தாயின் வாக்குமூலம் இருக்கிறது. இதில் ஒரு தீர்ப்பு வாங்கிவிட்டால் மூன்றாவது பத்தியை இனி அடிக்க வேண்டியதே இல்லை. ஈரமாகிக் காய்ந்த இரவிக்கையும் நினைவுக்கு வந்தது.

“மூன்று நாள்தான்,” என்றார் சொக்கநாதன். மனுவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் பிற்பகல் இருளாயியை விட்டார்கள். அர்ச்சுனன் லோரியையே கொண்டுவந்திருந்தான். எல்லோரும் நேராக அலுவலகத்துக்கு வந்தார்கள். தாமதப் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அது முடிய ஒரு வருடமாகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை பிணைக்காக மாதமொரு முறை ஈப்போ வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்று சொக்கநாதன் சொன்னபோது, அர்ச்சுனன், “மாசமொரு தடவ ஈப்போ பாக்கலாம்னு சொல்லுங்க சார்,” என்றான். இந்தப் பதின்மூன்று நாளில் அவன் சொன்ன முதல் நகைச்சுவை அது. யாரும் சிரிக்காவிட்டாலும் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

சிட்டாள் சொக்கநாதனின் பையிலிருந்து ஆட்கொணர்வு மனுவை எடுத்து வெளியே வைத்தாள்.

“இத என்ன செய்ய?”

“சின்னையாவுக்கு இன்னியோட அஞ்சு நாள். பேரையும் விவரத்தையும் மாத்தி அடி. இந்த முறை முதல்ல நீதிமன்றத்துல பதிஞ்சிட்டுத்தான் ஹாஷிமைப் பாப்பேன்.”

“மூணாவது பத்தி?”

“அது அப்படியே இருக்கட்டும்.”

“அதான் எனக்குக் கண்ண மூடிட்டே வருமே,” என்று அவள் புதுத் தாளைச் சொருகினாள். பிறகு அதை விட்டுவிட்டு, பிறப்புப் பதிவுப் பாரத்தை முதலில் எடுத்தாள். “பேரு என்ன போட? இப்ப வேணும்னா வேற பேரு வைக்கலாம். உங்க இஷ்டம்.”

இருளாயி தாயைப் பார்த்தாள்.

“இருளாயின்னே போடுங்க,” என்றாள் வீரம்மா. “மூணு வருஷந்தான் அவ வச்சிருந்தா. இவ இருவத்தாறு வருஷமா வச்சிருக்கா.”

கீழேயிருந்து தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டியும் காப்பியும் வந்தன. இருளாயி மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, இடது கையால் ரொட்டியை எடுத்துக் கடித்தாள். பாதியில் நினைவு வந்ததுபோல் கை நின்றது. தாயின் பக்கம் பார்த்தாள்.

வீரம்மா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பிக் கோப்பையைத் தூக்கி, மகளின் இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.